அப்பாவின் வீடருக்கு செல்ஃப் வைத்த கதை

எங்கள் வாழைத் தோட்டத்தில் களை ஓட்ட ஒரு பவர் வீடர் இருக்கிறது. 7 எச்பி பெட்ரோல் என்ஜின். தகட்டில் 170எஃப் என்று போட்டிருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்200 சாயலில் வார்த்த ரகம். கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐந்து வருஷம் அப்பாதான் இழுத்துக்கொண்டிருந்தார். போன ஆடியில் அவருக்கு வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்துவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. எதையும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கயிறோ வெடுக்கென்று இழுத்தால் மட்டும்தான் வேலை செய்யும்.

அதற்கப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் காலையில் வந்து இழுத்துக் கொடுத்துவிட்டுப் போவான், அப்பா ஓட்டுவார். டீ குடிக்கக்கூட மெஷினை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் மறுபடி அவனைக் கூப்பிட வேண்டுமே. அவர் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்து முடிக்கும் வரை அது தடதடவென்று பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினால் பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும் செல்ஃப் வைத்துவிடலாம் என்று இறங்கினேன். நான் மெக்கானிக் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். மல்டிமீட்டர் பழக்கம் உண்டு, பானா பழக்கம் இந்த வேலையில் வந்தது.

முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். கயிறு சுற்றியிருக்கும் ரீகாயில் மூடியைக் கழற்றினால் உள்ளே பிளைவீலின், அதாவது என்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரத்தின், நட்டு தெரியும், 19 எம்எம். அதில் பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி, பேட்டரி டிரில்லால் சுற்றிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவும் செய்தது. பிளைவீல் பக்கம் நின்று பார்த்தால் இந்த என்ஜின் வலப்பக்கமாகச் சுற்றும், அதனால் டிரில் நட்டை இறுக்கும் திசையில்தான் திருப்புகிறது, கழன்றுவிடும் பயம் இல்லை. ஆனால் என்ஜின் பிடித்த நொடியில் டிரில்லைவிட அது வேகமாக ஓடும். பாக்ஸை அந்தக் கணமே உருவாவிட்டால் டிரில்லையும் சேர்த்துச் சுற்றும். மூன்றாவது தடவை மணிக்கட்டைத் திருகிவிட்டது. தோள்பட்டை போன அப்பாவுக்கு மணிக்கட்டையும் போக்கும் வழி வேண்டாம் என்று அதை அத்தோடு விட்டேன்.

ஊர் லேத் பட்டறை அண்ணனிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "டேப்பெட் பாத்தீங்களா தம்பி?" என்பது. பார்க்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்க்கவில்லை. டேப்பெட் என்று அவர் சொன்னது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் இடைவெளியை. தலை மூடியின் நாலு போல்ட்டைக் கழற்றி, பிஸ்டனை அமுக்க வீச்சின் (காற்றை அமுக்கி மேலேறும் ஓட்டம்) உச்சியில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தோம். என்ஜின் ஆறியிருக்கும்போது காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வில் 0.15 மில்லிமீட்டர், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில் 0.20 இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட்டில் 0.35 தகடு சாவகாசமாக உள்ளே போய் வந்தது.

இதற்கும் கயிறு கனப்பதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்த வகை என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன எடைக்கட்டு இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வை இம்மியளவு தூக்கிப் பிடித்து, அடைபட்ட காற்றில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். இழுப்பவர் கைக்குப் பாதி பாரம் குறையும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் எடை விரிந்து ஒதுங்கிக்கொள்ளும். டேப்பெட் இடைவெளி கூடிப்போனால் இந்தத் தூக்கல் அந்த இடைவெளியிலேயே தீர்ந்துவிடும், வால்வு அசையாது. முழு அமுக்கத்தையும் எதிர்த்து இழுக்க வேண்டும், சில சமயம் கயிறு கையைப் பிடுங்கித் திருப்பியும் இழுக்கும். அப்பாவின் தோளைக் கெடுத்ததில் எக்ஸாஸ்ட்டில் கூடிப்போன அந்த 0.15 மில்லிமீட்டருக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். சரி செய்த பிறகு நான் இழுத்தால் ஒரே இழுப்பில் பிடித்தது. அப்பாவால் அப்போதும் முடியவில்லை. அதனால் வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் கயிறு கனக்கிறது என்பதற்காக மட்டும் செல்ஃப் வைக்க நினைப்பவர்கள் முதலில் அந்த நாலு போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். செலவே இல்லாமல் முடிந்துவிடலாம்.

இந்த என்ஜினுக்கு செல்ஃப் மாடலும் வருகிறது, அதனால் சாமான் கிடைப்பது கஷ்டம் இல்லை. சுற்றிலும் பல் வளையம் உள்ள பிளைவீல், செல்ஃப் மோட்டார், மோட்டாருக்கு இடம் விட்டு வார்த்த ஃபேன் கவர், பிளைவீலுக்கு உள்ளே உட்கார்ந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சார்ஜிங் காயில். இவ்வளவுதான் என்ஜின் பக்கம். முதல் தடவை வந்த பெட்டியில் 188எஃப் பிளைவீல் இருந்தது. அது 13 எச்பி என்ஜினுக்கு உரியது, தூக்கியதுமே தெரிந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வருவதற்குள் பதினெட்டு நாள் போயிற்று, களை முழங்கால் வரை வந்துவிட்டது.

பழைய பிளைவீலைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. டேங்கை இறக்கி வைத்துவிட்டு, ரீகாயில், ஃபேன் கவர் எல்லாம் எடுத்தாயிற்று. நட்டைத் திருப்பினால் பிளைவீலும் சேர்ந்து சுற்றுகிறது. எதையாவது கொடுத்து நிறுத்த வேண்டும். ஃபேன் இறக்கைக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகுபவர்கள் உண்டு, இறக்கை உடையும். பட்டறை அண்ணன் ஒரு கஜம் நைலான் கயிற்றை எடுத்தார். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியைத் தாண்டிப் பாதி தூரம் கீழே வந்ததும் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார். நுனி மட்டும் வெளியே. இப்போது நட்டை இடப்பக்கம் திருப்பினால் கிராங்க், அதாவது என்ஜினின் அச்சு, பின்னோக்கிச் சுற்றும், பிஸ்டன் மேலே ஏறும், கயிற்றுப் பந்தில் மெத்தென்று முட்டி நிற்கும். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருப்பதால் எதுவும் வளையாது. எக்ஸாஸ்ட் வீச்சில் இதைச் செய்தால் திறந்திருக்கும் வால்வில் கயிறு முட்டும், அதனால் எந்த வீச்சு என்பதை டேப்பெட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கயிற்றை விட வேண்டும்.

நட்டு கழன்றாலும் பிளைவீல் வராது. கிராங்கின் கூம்பு முனையில் அது கவ்வி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பது எல்லோரும் சொல்வது, எல்லோரும் அடிப்பதும் உண்டு. நாங்கள் மூன்று கால் புல்லர் போட்டோம், காந்தம் இருக்கும் பகுதியில் கால் படாமல். மரை நசுங்காமல் இருக்க நட்டைக் கிராங்க் முனைக்குச் சமமாக விட்டுவைத்தோம். புல்லரை இறுக்க இறுக்க ஒன்றுமே நடக்கவில்லை. அண்ணன் கையை எடுத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். "அவசரப்படுத்தாதீங்க, அதுவா வரும்" என்றார். இன்னும் கால் சுற்று கொடுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், தேங்காய் உடைவது மாதிரி. வந்துவிட்டது.

செல்ஃப் மோட்டார் உட்கார என்ஜினின் உடலான கிராங்க் கேஸில் இரண்டு மேடு வார்த்திருந்தார்கள், ஆனால் துளை போடவில்லை. மோட்டாரையே அச்சாக வைத்துக் குறி போட்டு, 6.8 எம்எம் துளையிட்டு, எம்8 மரை வெட்டினோம். அலுமினியத்தில் மரை வெட்டும்போது மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போக வேண்டும். இல்லாவிட்டால் தூள் அடைத்து மரை பிய்ந்துவிடும். துளை ஆழம் போய் கிராங்க் கேஸுக்குள் திறந்துவிடாமல் இருக்க டிரில் பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அளவு வைத்துக்கொண்டோம்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இரண்டாவது துளை கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது. மோட்டாரை மாட்டி, பிளைவீலைக் கையால் சுற்றியபடி மோட்டாரின் பல்லை இழுத்து வளையத்தில் சேர்த்தால் ஓரிடத்தில் இறுகியது. மோட்டாரின் காதில் இருந்த துளையை வட்ட அரத்தால் நீள்துளையாக்கி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு, அது கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வரும்படி நகர்த்தி இறுக்கினோம். இது லேத் வேலை தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது, நான் டார்ச் பிடித்தேன்.

புதிய பிளைவீலை மாட்டுவதற்கு முன் உள்ளே சார்ஜிங் காயில், அதன் ஒயரைப் பிளைவீல் உரசாதபடி கிளிப்பில். கூம்பு இரண்டையும் தின்னர் போட்டுத் துடைத்து, பிளைவீலையும் கிராங்கையும் பூட்டும் சின்ன இரும்புச் சாவியை அதன் பள்ளத்தில் வைத்து, நட்டு 75 நியூட்டன் மீட்டர். கடைசியாக, பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயில். அதற்கும் பிளைவீல் காந்தத்துக்கும் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஃபீலர் தகட்டை நடுவில் வைத்துவிட்டு காயிலின் போல்ட்டைத் தளர்த்தினால் காந்தம் தானாகவே அதை இழுத்து ஒட்டிக்கொள்ளும், அப்படியே இறுக்கிவிட்டுத் தகட்டை உருவ வேண்டியதுதான். பழைய கயிறு ரீகாயிலும் அப்படியே மேலே உட்கார்ந்தது. அதை எடுத்துவிட வேண்டாம். பேட்டரி ஏமாற்றும் அன்றைக்குத் தேவைப்படும்.

கைமுஷ்டி அளவு மோட்டார் இந்த என்ஜினைச் சுற்றுமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். எனக்கும்தான். ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சுற்றும்போது 70 ஆம்பியர், பேட்டரி முனையில் 10 வோல்ட். 700 வாட், ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். இவ்வளவு சின்ன மோட்டார் தொடர்ந்து அந்த வேலையைச் செய்தால் சுருள் கருகிவிடும். இரண்டு விநாடி செய்தால் ஒன்றும் ஆகாது. சூட்சுமமே அதுதான். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1912 மாடல் கேடிலாக் காருக்கு செல்ஃப் வைத்துக் கொடுத்ததும் இதே கணக்கில்தான். அதற்கு முன் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் கல்லாப் பெட்டிக்கு மோட்டார் வைத்தவர் அவர். ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதே, பிடிக்காவிட்டால் பத்து விநாடி விட்டு மறுபடி அழுத்து என்று ஹோண்டா கையேட்டில் போட்டிருப்பதும் சுருள் ஆறுவதற்காக.

மின் கணக்கும் அதே மாதிரி சின்னதுதான். 70 ஆம்பியர் இரண்டு விநாடி என்றால் 140 ஆம்பியர் விநாடி. சார்ஜிங் காயில் ஒரு ஆம்பியர் தருகிறது. எடுத்ததைத் திருப்பிப் போட கிட்டத்தட்ட இரண்டரை நிமிஷம், நஷ்டத்தைச் சேர்த்தால் மூன்று. ஒரு வாழை வரிசை ஓட்டி முடிப்பதற்குள் கடன் அடைந்துவிடும். முதலில் வீட்டில் கிடந்த ஸ்கூட்டர் பேட்டரியை, 5 ஏஎச் (ஆம்பியர் மணி), வைத்துப் பார்த்தேன். 8 வோல்ட்டுக்கு இறங்கி மோட்டார் முனகியது. 150 சிசி பைக்கில் வரும் 9 ஏஎச் பேட்டரி வாங்கினேன், அது இழுத்தது. ஒயர் வெல்டிங் கேபிள் துண்டு, 16 சதுர மில்லிமீட்டர். எர்த் ஒயரை வீடரின் பெயின்ட் அடித்த பிரேமில் கொடுக்காமல் நேராக மோட்டார் போல்ட்டிலேயே கொடுத்தேன்.

அடுத்தது நான் செய்த முட்டாள்தனம். என் சொந்தத் துறையிலேயே நடந்தது என்பதால் கூடுதல் வெட்கம். பழைய பைக் ஒன்றின் சாவி லாக்கை எடுத்து மாட்டினேன். இரண்டு ஒயர் லாக். ஆன் செய்தால் இணைக்கும், ஆஃப் செய்தால் பிரிக்கும். பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட்டை அதன் வழியாக இக்னிஷன் காயிலின் சின்ன ஒயருக்குக் கொடுத்துவிட்டேன். 'சாவி போட்டால் காயிலுக்குக் கரண்ட் போக வேண்டும்' என்று கை தானாகச் செய்தது. இந்த என்ஜினில் காயிலுக்கு யாரும் கரண்ட் கொடுப்பதே இல்லை. பிளைவீல் காந்தம் கடக்கும்போது அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சின்ன ஒயர் நிறுத்துவதற்கு மட்டும். அதைப் பாடியில் தொட்டால் ஸ்பார்க் செத்து என்ஜின் நிற்கும், தொடாமல் விட்டால் ஓடும். 12 வோல்ட் போனதும் காயிலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விட்டது. மோட்டார் அழகாகச் சுற்றியது, என்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. 350 ரூபாய் தண்டம், புதுக் காயில்.

வேண்டியது நாலு ஒயர் லாக். பழைய ஹோண்டா முறை 100 சிசி பைக்குகளில் இருப்பது. சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், பச்சை எர்த், வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு நிறுத்தும் ஒயர். சாவியை ஆஃபில் வைத்தால் கோடு போட்ட ஒயரும் பச்சையும் சேர்ந்து என்ஜினை நிறுத்தும். ஆன் செய்தால் அது பிரிந்து, சிவப்பும் கறுப்பும் சேரும். கறுப்பிலிருந்து ஸ்டார்ட் பட்டன், பட்டனிலிருந்து பைக் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்ச்), ரிலேயிலிருந்து மோட்டார். பேட்டரி உலகமும் ஸ்பார்க் உலகமும் ஒன்றோடொன்று தொடாது.

அப்புறம் ஒன்று, அது யோசித்து வந்ததில்லை, பயந்து வந்தது. வீடரில் கிளட்ச் லிவர் பைக்குக்கு நேர் எதிர், பிடித்தால்தான் கத்திகள் சுற்றும். கயிறு இழுக்கும்போது அது பிடித்த நிலையில் இருந்தால் கையில் கனம் தெரியும், சட்டென்று விட்டுவிடுவோம். பட்டனுக்கு அந்தக் கனம் தெரியாது. சோதனை ஓட்டத்தில் என் மச்சான் ஹேண்டிலைப் பிடித்திருந்தான், பழக்க தோஷத்தில் லிவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறான். நான் பட்டனை அழுத்தினேன். என்ஜின் பிடிப்பதற்கு முன்பே, வெறும் மோட்டார் வேகத்திலேயே, களைக் கத்திகள் ஒரு சுற்றுச் சுற்றி வீடர் முன்னால் எகிறியது. என் கால் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அன்றைக்கே பட்டனுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்தேன். லிவரைப் பிடித்தால் பட்டன் வேலை செய்யக் கூடாது. பைக் கிளட்ச் சுவிட்சை வாங்கி வந்தால் அது நேர் எதிர், லிவரைப் பிடித்தால்தான் இணைக்கும். பிரேக் சுவிட்சும் அப்படியே. கடைசியில் மூன்று முனை மைக்ரோ சுவிட்ச் ஒன்றை வாங்கி, சும்மா இருக்கும்போது இணைந்திருக்கும் முனையை எடுத்து, லிவர் அடியில் தகடு வளைத்து மாட்டினேன். சேறு போகாமல் இருக்க மேலே சைக்கிள் டியூப் துண்டு. இதில்லாமல் வீடருக்கு செல்ஃப் வைக்கக் கூடாது என்பேன், மற்றதில் எல்லாம் சிக்கனம் பார்க்கலாம்.

முடிந்தது என்று நினைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு பேட்டரியைத் தொட்டால் வெதுவெதுப்பு. மீட்டரில் 15.3 வோல்ட். சார்ஜிங் காயிலிலிருந்து ஒரு டையோடு வழியாக நேரே பேட்டரிக்குப் போகிறது, நடுவில் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. ஹோண்டா கையேடு குறைந்தது 18 ஏஎச் பேட்டரி கேட்கிறது. சுற்றுவதற்கு எதற்கு அவ்வளவு என்று நான் முதலில் அலட்சியமாக நினைத்தேன். பெரிய பேட்டரிக்கு அந்த ஒரு ஆம்பியர் கொசுக்கடி, என்னுடைய சின்ன சீல்டு பேட்டரிக்கு நாள் முழுக்க வந்தால் அது விஷம். 18 ஏஎச் என்றால் ஐந்து ஆறு கிலோ. ஹேண்டில் பக்கம் அவ்வளவு எடையைத் தொங்கவிட எனக்கு மனசில்லை. என் காயிலின் ஒரு முனை பாடியில் எர்த் ஆகிறது, அதனால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் 100 சிசி பைக்கின் ரெகுலேட்டர் அப்படியே பொருந்தியது. டையோடை எடுத்துவிட்டு அதைப் போட்டதும் 14.3ல் நின்றுவிட்டது.

பேட்டரி அதிர்வில் சாகாமல் இருக்க அடியில் பழைய டயர் துண்டு, மேலே பெல்ட் வைத்து இறுக்கியிருக்கிறேன். இருந்தும் முதல் வாரத்திலேயே ஒரு முனை நட்டு கழன்றுவிட்டது. ஸ்பிரிங் வாஷர் போட்டேன். மொத்தச் செலவு, கருகிய காயிலைச் சேர்க்காமல், 6,400 ரூபாய். அதில் செல்ஃப் மோட்டார் 1,900, பிளைவீல் 1,400, பேட்டரி 1,150. லேத் அண்ணன் இருநூறுதான் வாங்கினார். "கண்ணு, கயிறு இழுக்கறதுக்கு ஆறாயிரமா?" என்றார் அப்பா. பையனுக்குத் தினமும் டீக் காசு கொடுத்ததை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

நாலு மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் இரண்டு வாரம் சும்மா நின்றும் முதல் அழுத்தலில் பிடித்தது. அப்பா இப்போது டீக்கு மெஷினை நிறுத்துகிறார். சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டுதான் வரப்புக்கு வருகிறார். ஆனால் பட்டனை அழுத்தும் முன் இன்றைக்கும் இடது காலைத் தூக்கிப் பிரேமில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அப்புறம்தான் கட்டை விரலை வைக்கிறார்.